கண்காட்சி இடம் மாறிவிட்டது: முன்பணத்தை விட்டு விலகுவதா, புது இடத்துக்குப் போவதா?

பாளையங்கோட்டைக்காரன் | திங்கள், இரவு 9.40

எட்டுப் பேர் வேலை செய்யும் சிறிய மென்பொருள் நிறுவனம் ஒன்றைப் பாளையங்கோட்டையில் நடத்தி வருகிறேன். மளிகை, மருந்து, ஜவுளிக் கடைகளுக்கான பில் போடும் மென்பொருளே எங்கள் பிழைப்பு. வணிகர் அமைப்பு ஒன்று (பெயரை இங்கே சொல்ல விரும்பவில்லை) ஆண்டுதோறும் ஆவணியில் இரண்டு நாள் கணினி மற்றும் கடைச் சாதனக் கண்காட்சி நடத்துகிறது. கடந்த ஆறு ஆண்டுகளாக வண்ணார்பேட்டைப் பகுதியில் உள்ள ஒரு கல்யாண மண்டபத்தில்தான் அது நடந்தது. அந்த ஆறு ஆண்டும் நுழைவாயிலை ஒட்டிய பெரிய அரங்கை நாங்களே எடுத்திருக்கிறோம்.

இந்த ஆண்டும் அதே அரங்குக்கு 1,20,000 ரூபாய் பேசி, 60,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டோம். அதற்குப் பிறகு, போன வாரம், கண்காட்சியை ஊருக்கு வெளியே நாகர்கோவில் போகும் நான்குவழிச் சாலையோரத்தில் உள்ள ஒரு மண்டபத்துக்கு மாற்றிவிட்டதாக ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விலகிக்கொள்கிறோம், பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கடிதம் எழுதினேன். முன்பணம் திரும்பாது என்றும், இடத்தை மாற்றும் உரிமை ஏற்பாட்டாளருக்கு உண்டு என்று ரசீதின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கிறது என்றும் பதில் வந்தது. ரசீதைத் திருப்பிப் பார்த்தேன். எறும்பு ஊர்ந்த தடம் போன்ற எழுத்தில் அந்த வரி இருக்கத்தான் செய்கிறது.

60,000 ரூபாய் போனால் போகட்டும் என்று விலகிவிடலாமா, அல்லது பல்லைக் கடித்துக்கொண்டு போய் அரங்கு போடலாமா என்பதே என் கேள்வி. இதில் அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பேட்டை ரோடு | திங்கள், இரவு 10.05

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? விலகுங்கள். அந்தக் கண்காட்சிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் உங்கள் மென்பொருளை வைத்திருப்பவர்கள். புதுப்பிக்கவும் சந்தேகம் கேட்கவும் வருகிறவர்கள். நீங்கள் இல்லையென்றால் அவர்களும் இல்லை. நான் பிரிண்டரும் தராசும் விற்கிறவன்; உங்கள் அரங்கைப் பார்க்க வந்த கூட்டம் வழியில் என் கடையிலும் நின்றது என்பதை மறைக்க மாட்டேன். நீங்கள் விலகினால் நானும் விலகுவேன், இன்னும் நாலு பேர் விலகுவார்கள். அடுத்த ஆண்டு குழு தானாக வழிக்கு வரும்.

குறுக்குத்துறை | செவ்வாய், காலை 6.15

பேட்டை அண்ணாச்சி சொல்வது போல அமெரிக்காவில் ஆப்பிள் என்ற பெரிய நிறுவனம் ஒரு கண்காட்சியிலிருந்து விலகியதும், அதன் பின் என்ன நடந்தது என்பதும் கண்ணெதிரே உள்ள வரலாறு. அப்போது நான் நியூ ஜெர்சியில் வேலை பார்த்துக்கொண்டிருந்ததால் அந்தக் கண்காட்சிக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணினிகளைச் சுற்றி நடந்த மேக்வேர்ல்டு எக்ஸ்போ 1985இல் தொடங்கியது. இதில் முதலில் கவனிக்க வேண்டியது, அந்தக் கண்காட்சி ஆப்பிளுக்குச் சொந்தமானதல்ல என்பதுதான். மேக்வேர்ல்டு பத்திரிகையை வெளியிட்ட ஐ.டி.ஜி. குழுமத்தின் கண்காட்சிப் பிரிவே அதை நடத்தியது. ஆப்பிள் அதில் ஓர் அரங்குக்காரர். ஆனால் எல்லோரும் யாரைப் பார்க்க வந்தார்களோ அந்த அரங்குக்காரர். ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலும், கோடையில் கிழக்குக் கரையில் பாஸ்டனிலும் என்று ஆண்டுக்கு இரண்டு முறை நடந்து வந்தது. பாஸ்டனில் ஒரே கட்டடம் போதாமல் ஒன்றுக்கொன்று தள்ளியிருந்த இரண்டு மையங்களில் அரங்குகளைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் இங்கும் அங்குமாக அலைய வேண்டியிருந்தது. 1997 ஆகஸ்டில், மைக்ரோசாஃப்ட் 15 கோடி டாலர் முதலீடு செய்கிறது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் அறிவித்து, பில் கேட்ஸின் முகம் பெரிய திரையில் தோன்றியபோது அரங்கத்தில் கூச்சல் எழுந்தது அல்லவா, அது அந்தப் பாஸ்டன் கண்காட்சியில்தான்.

1998இல் கோடைக் கண்காட்சி நியூயார்க்கின் ஜாவிட்ஸ் மையத்துக்கு மாறியது. ஆப்பிள் அங்கே நன்றாகவே வேரூன்றியது. 1999இல் ஐபுக் மடிக்கணினியும் 2000இல் கனசதுர வடிவிலான ஜி4 கியூபும் அந்த மேடையிலேயே அறிமுகமாயின. 2002 அக்டோபரில் ஐ.டி.ஜி. திடீரென ஓர் அறிவிப்பு வெளியிட்டது: 2003இல் நியூயார்க்கில் நடக்கும், 2004 முதல் பாஸ்டனுக்குத் திரும்புகிறோம் என்று. ஐ.டி.ஜி.யின் தலைமையகம் இருந்த மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தலைநகரம் பாஸ்டன். அங்கே புதிய பெரிய மாநாட்டு மையம் ஒன்றும் அப்போது எழுந்துகொண்டிருந்தது. ஆப்பிள் காத்திருக்கவே இல்லை. இந்த முடிவில் தனக்கு உடன்பாடில்லை, பாஸ்டனுக்கு வரப்போவதில்லை என்று உடனே சொல்லிவிட்டது. 2003ஆம் ஆண்டு நியூயார்க் கண்காட்சியில் பங்கேற்பது பற்றியும் மறுபரிசீலனை செய்வோம் என்று அதோடு சேர்த்துக்கொண்டது.

2003 கோடையில் நியூயார்க்கில் நடந்த கண்காட்சிக்குப் பெயரையே மாற்றிப் படைப்புத் தொழில் செய்பவர்களுக்கான மாநாடு என்று வைத்தார்கள். ஜாப்ஸின் உரை இல்லை. 2004இல் பாஸ்டனின் புதிய மையத்திலும் 2005இல் அதே ஊரின் பழைய மாநாட்டு மையம் ஒன்றிலும் ஆப்பிள் இல்லாமலே நடத்தினார்கள். 2006இல் கிழக்குக் கரைக் கண்காட்சியே இல்லை.

பேட்டை ரோடு | செவ்வாய், காலை 7.30

அப்படியானால் நான் சொன்னது சரிதான். பெரிய அரங்குக்காரர் விலகினால் கண்காட்சி படுத்துவிடும்.

தென்காசிச் சாரல் | செவ்வாய், காலை 11.20

படுத்தது யார் என்று அண்ணாச்சி பார்த்தீர்களா? ஆப்பிள் படுக்கவில்லை. ஐ.டி.ஜி.யும் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியைத் தொடர்ந்து நடத்தியது. ஆப்பிள் இல்லாத அந்த இரண்டு ஆண்டுகளும் பாஸ்டனுக்கு வந்து அரங்கு போட்டவர்கள், மேக் கணினிக்கு உறையும் வயரும் சின்னச் சின்ன மென்பொருளும் விற்றுப் பிழைத்தவர்கள். என்னைப் போன்றவர்கள். நான் பார்கோடு ஒட்டும் தாளும் பில் உருளையும் விற்கிறேன். மூலையில் ஆறடி மேசை ஒன்றே என் அரங்கு. பெரிய யானை புரண்டு படுத்தால் பக்கத்தில் இருக்கும் புல்லுக்குத்தான் வலிக்கும்.

அது மட்டுமல்ல, ஆப்பிள் அப்படி நிமிர்ந்து பேசியதற்கு என்ன துணிச்சல் இருந்தது என்பதைக் குறுக்குத்துறை அண்ணாச்சி சொல்லாமல் விட்டுவிட்டார். 2001 மே மாதத்தில் அவர்கள் தங்கள் சொந்தக் கடைகளைத் திறக்கத் தொடங்கிவிட்டார்கள். நியூயார்க்கின் சோஹோ பகுதியில் ஆப்பிள் கடை திறந்தது 2002 ஜூலை 18ஆம் தேதி. அந்த ஆண்டுக் கண்காட்சி நடந்துகொண்டிருந்த வாரத்திலேயே. ஐ.டி.ஜி.யுடன் தகராறு வந்தது அதற்கு மூன்று மாதம் கழித்து. கண்காட்சியில் மூன்று நாள் காட்டுவதை ஆண்டு முழுவதும் காட்டுவதற்குத் தெருவில் ஒரு கதவு திறந்த பிறகு, யாருக்கும் வாடகை அரங்கின் மேல் பயபக்தி இருக்காது. பாளையங்கோட்டை அண்ணாச்சிக்கு அப்படி ஒரு கதவு இருக்கிறதா?

பாளையங்கோட்டைக்காரன் | செவ்வாய், பிற்பகல் 1.10

மாடியில் இரண்டு அறை, படிக்கட்டில் செருப்பு விடும் இடம் வரை வயர் சுருள்கள். அதுதான் எங்கள் கதவு. தங்கச்சி கேட்டது நியாயம். எங்கள் புதிய வாடிக்கையாளர்களில் பெரும்பகுதி அந்த இரண்டு நாளில் பிடிப்பவர்கள்தான். 2017இல் ஜி.எஸ்.டி. வந்த சமயத்தில் கண்காட்சி தேவையே இல்லாமல் ஆட்கள் தேடி வந்தார்கள், இப்போது அப்படியில்லை. கடைக்காரர் நேரில் வந்து, தன் கையால் நாலு பில் போட்டுப் பார்த்து, பக்கத்துக் கடைக்காரர் வைத்திருக்கிறாரா என்று கேட்டபிறகுதான் பணம் தருகிறார்.

அதனாலேயே இடம் எனக்கு முக்கியம். நான்குவழிச் சாலையோரம் சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் வருவார்கள். எங்கள் வாடிக்கையாளர்கள் பேருந்தில் வருகிறவர்கள்.

ஆலங்குளம் மளிகை | செவ்வாய், மாலை 4.45

பேருந்தில் வருகிறவன் நான்தான். இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வாடிக்கையாளனின் கணக்கையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

காலை ஏழு மணிப் பேருந்தில் கிளம்பினால் பேட்டை தாண்டி டவுனில் இறங்குவேன். மொத்தக் கடைகளில் பழைய பாக்கியைக் கொடுத்துப் புதுச் சரக்குக்குச் சொல்லி முடிக்கப் பதினொரு மணி ஆகும். அங்கிருந்து வண்ணார்பேட்டை ஒரு டவுன் பஸ் தூரம். இரண்டு மணி நேரம் கண்காட்சியைச் சுற்றிவிட்டு, அங்கேயே சாப்பிட்டு, மூன்று மணிக்குள் ஊர்ப் பேருந்தைப் பிடித்தால் மாலை வியாபாரத்துக்குக் கடையில் இருப்பேன். கண்காட்சிக்காக நான் நெல்லைக்கு வரவில்லை. நெல்லைக்கு வருகிற நாளில் கண்காட்சியையும் பார்க்கிறேன். சங்கரன்கோவில், அம்பாசமுத்திரம், வள்ளியூர்க் கடைக்காரர்கள் பெரும்பாலும் இப்படித்தான்.

புது இடத்துக்கு வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையம் போய், அங்கிருந்து ஆட்டோ பிடிக்க வேண்டும். போய்த் திரும்பவே இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரம்தான் நான் கண்காட்சிக்கு ஒதுக்கியிருந்தது.

வண்ணார்பேட்டை | செவ்வாய், இரவு 8.30

நான் அந்தக் குழுவில் இருக்கிறேன். பெயர் சொல்லாமல் பேசுகிறீர்கள், நானும் அப்படியே பேசுகிறேன். குழுவின் சார்பாக அல்ல, என் சொந்தக் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ஊருக்கு வெளியே போக ஆசையா, தம்பி? பழைய மண்டபத்துக்காரர் இந்த ஆண்டு ஆவணியில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் தர முடியாது என்று சொல்லிவிட்டார். ஆவணி முழுக்க முகூர்த்தம். ஒரு கல்யாணத்துக்கு அவருக்குக் கிடைக்கும் வாடகை, சமையல்கூடம், அலங்காரம், ஜெனரேட்டர் எல்லாம் சேர்த்தால், எங்கள் இரண்டு நாள் வாடகையை ஒரே நாளில் எடுத்துவிடுகிறார். எங்களுக்காகக் கல்யாணப் பார்ட்டியைத் திருப்பி அனுப்புவாரா? ஆடியில் கேட்டால் பாதி வாடகைக்குத் தருவார். ஆனால் ஆடியில் நடத்திப் பார்த்த அனுபவம் எங்களுக்கு உண்டு. ஜவுளிக்காரர்கள் தள்ளுபடி விற்பனையில் மூழ்கியிருப்பார்கள். மற்றவர்கள் வந்து எல்லாவற்றையும் பார்ப்பார்கள், விலையும் கேட்பார்கள், ‘ஆடி கழியட்டும்’ என்று சொல்லிப் போய்விடுவார்கள். புதுக் கணக்கை ஆடியில் யார் தொடங்குவார்கள்?

டவுன் பொருட்காட்சித் திடலில் எழுந்துள்ள வர்த்தக மையத்தையும் யோசித்தோம். நாற்பது அரங்குகளை வைத்து அவ்வளவு பெரிய இடத்தை நிரப்ப எங்களால் முடியாது. காலியாகக் கிடக்கும் கூடத்தைப் பார்த்தாலே வருகிறவர்களுக்கு மனம் விட்டுப்போகும். புதிய மண்டபத்தில் நூறு கார் நிறுத்தலாம், லாரியிலிருந்து சரக்கை நேரே கூடத்தில் இறக்கலாம், குளிரூட்டம் உண்டு. உங்களைக் கேட்காமல் மாற்றியது தப்பு. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்டிருந்தால் நாற்பது பேரும் நாற்பது இடம் சொல்லியிருப்பீர்கள்.

சமாதானபுரம் வக்கீல் | புதன், காலை 7.00

பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ரசீதின் பின்பக்கத்து வரியை வைத்துக்கொண்டு குழு நினைப்பது போல் அவ்வளவு எளிதாகத் தப்ப முடியாது. நீங்கள் நினைப்பது போல் அவ்வளவு எளிதாக வாங்கவும் முடியாது.

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தை மாற்றுவதற்கு இரு தரப்பும் உடன்பட வேண்டும். ஆனால் மாற்றும் உரிமையை ஒப்பந்தத்திலேயே ஒருவருக்குக் கொடுத்துவிட்டால் கதை வேறு. அந்த வரி பணம் கட்டுவதற்கு முன் உங்கள் கவனத்துக்கு வந்ததா, பணம் வாங்கிய பிறகு கையில் கொடுத்த காகிதத்தில் மட்டும் இருந்ததா என்பதுதான் நீதிமன்றம் கேட்கும் முதல் கேள்வி. நீங்கள் முன்பதிவு செய்தபோது அனுப்பிய துண்டறிக்கையில் மண்டபத்தின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள், இருந்தால் பத்திரப்படுத்துங்கள். அடுத்து, முன்பணம் முழுவதையும் பிடித்துக்கொள்வது பற்றி. 74ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. ஒப்பந்தத்தில் எழுதிய தொகை அதன் உச்சவரம்பு மட்டுமே. உங்கள் அரங்கை வேறொருவருக்குக் குழு விற்றுவிட்டால், இழப்பு என்ன என்று அவர்கள் விளக்க வேண்டியிருக்கும்.

நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். வணிக நோக்கத்துக்காகப் பெற்ற சேவை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்கு வெளியே போய்விடும். சுயதொழிலில் வயிறு பிழைப்பவருக்கு விலக்கு உண்டு. எட்டு ஊழியர்களை வைத்திருக்கும் நிறுவனம் அதைக் கேட்பது கடினம். ஆக, மிஞ்சுவது உரிமையியல் வழக்கு. 60,000 ரூபாய்க்காக எத்தனை வாய்தா அலைவது என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். என் தொழிலுக்கு எதிராகவே சொல்கிறேன்: பேசி முடியுங்கள்.

பேட்டை ரோடு | புதன், காலை 9.15

கண்காட்சியே வேண்டாம். பாளையங்கோட்டையில் ஒரு சின்ன மண்டபத்தை நாமே பிடிப்போம். நீங்கள், நான், இன்னும் ஐந்தாறு பேர். அதே இரண்டு நாளில் நடத்துவோம். அப்போது தெரியும் கூட்டம் யாருடையது என்று.

குறுக்குத்துறை | புதன், பிற்பகல் 12.40

பேட்டை அண்ணாச்சி சொல்வதைத்தான் ஆப்பிளும் செய்தது, ஆனால் அதைச் செய்த விதத்தைப் பாருங்கள். மென்பொருள் உருவாக்குநர்களுக்காக அவர்களே நடத்தும் ஆண்டு மாநாடு ஒன்று உண்டு. 2003இல் அதை மே மாதம் சான் ஹோசேயில் நடத்துவதாக இருந்தவர்கள், ஜூன் இறுதிக்குத் தள்ளி, சான் பிரான்சிஸ்கோவின் மாஸ்கோன் மையத்துக்கு மாற்றினார்கள். ஜூன் 23ஆம் தேதி அங்கே பவர் மேக் ஜி5 கணினியை ஜாப்ஸ் அறிமுகப்படுத்தினார். அடுத்த மாதம் நியூயார்க்கில் ஐ.டி.ஜி.யின் கண்காட்சி. அறிவிக்க வேண்டிய பெரிய செய்தி அதற்குள் பழைய செய்தியாகிவிட்டது. ஐ.டி.ஜி. இடத்தை மாற்றியதைக் கண்டித்த நிறுவனம், தன் சொந்த மாநாட்டின் இடத்தையும் தேதியையும் மாற்றத் தயங்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். எனக்கு அதைப் படித்தபோது சிரிப்பு வந்தது.

தென்காசித் தங்கச்சி என்னைத் திருத்தியது சரி. கடைகள் இல்லாமல் அந்தத் துணிச்சல் வந்திருக்காது. இதற்கு ஆப்பிளே பின்னால் சாட்சி சொன்னது. 2008 டிசம்பர் 16ஆம் தேதி, அடுத்த மாதம் சான் பிரான்சிஸ்கோவில் நடக்கும் கண்காட்சியே தாங்கள் கலந்துகொள்ளும் கடைசிக் கண்காட்சி என்று அறிவித்தார்கள். அதற்குச் சொன்ன காரணம், தங்கள் கடைகளுக்கு வாரந்தோறும் 35 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வருகிறார்கள், இணையதளத்தையும் சேர்த்தால் 10 கோடிப் பேரை நேரடியாகச் சென்றடைய முடிகிறது என்பது. இந்த முறை இடத்தகராறு ஏதுமில்லை. 2007 ஜனவரியில் ஐபோனை உலகுக்குக் காட்டிய அதே கண்காட்சி, அதே ஊர். ஆகவே 2002இல் நடந்தது உண்மையிலேயே பாஸ்டனா நியூயார்க்கா என்ற சண்டைதானா என்ற சந்தேகம் எனக்கு நெடுநாளாக உண்டு. இடம் ஒரு சாக்கு. கண்காட்சியை விட்டு வெளியேறும் வாசலை அவர்கள் முன்பே தேடத் தொடங்கிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஆப்பிள் போன பிறகு சான் பிரான்சிஸ்கோ கண்காட்சி 2014 வரை இழுத்துப் பறித்து நடந்து, நின்றுவிட்டது.

ஊருக்கு வெளியே என்றாலே கண்காட்சி கெட்டுவிடும் என்பதற்கும் ஒரு மறுப்பு உண்டு. ஜாவிட்ஸ் மையம் மன்ஹாட்டனின் மேற்கு ஓரத்தில் ஆற்றங்கரையில் இருக்கிறது. சுரங்க ரயில் அங்கே வந்ததே 2015இல்தான். நான் போன காலத்தில் 34ஆவது தெருவில் ரயிலை விட்டு இறங்கிக் கால் வலிக்க நடந்தேன். ஆயிரக்கணக்கானோர் என்னோடு நடந்தார்கள். கைப்பேசித் துறையினரின் பெரிய மாநாடு பிரான்ஸின் கான் நகரத்தில் இடம் போதாமல் 2006இல் பார்சலோனாவுக்கு மாறி, அங்கே முன்னைவிடப் பல மடங்கு வளர்ந்தது. இதற்கு எதிரிடையாக, வீடியோ விளையாட்டுத் துறையின் ஈ3 கண்காட்சியைப் பெரிய நிறுவனங்களின் செலவுப் புகாரால் 2007இல் சுருக்கி, லாஸ் ஏஞ்சலஸ் மையத்திலிருந்து சாண்டா மோனிகாவின் விடுதிகளுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த ஆண்டே பழைய மையத்துக்குத் திரும்பிவிட்டார்கள். தூரம் மட்டும் எதையும் தீர்மானிப்பதில்லை. வருகிறவருக்கு அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு காரணமும் ஒரு வண்டியும் வேண்டும்.

தென்காசிச் சாரல் | புதன், பிற்பகல் 2.05

அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொள்கிறேன். வண்டி. குழு அண்ணாச்சி இங்கே இருக்கிறார். நூறு கார் நிற்கும் என்று பெருமையாகச் சொன்னவர், கார் இல்லாதவர் எப்படி வருவார் என்று ஒரு வரியும் சொல்லவில்லை. வண்ணார்பேட்டையிலிருந்து இரண்டு வேன் ஓட்டினால் என்ன? வாடகையில் மிச்சப்படுத்தியதில் அதற்குக் காசு இருக்குமே.

வண்ணார்பேட்டை | புதன், மாலை 6.20

வாடகையில் பெரிதாக மிச்சமில்லை, தங்கச்சி. ஆனாலும் வேன் யோசனையை இன்று மதியம் குழுவில் சொன்னேன். இரண்டு பேர் வேண்டும் என்றார்கள், மூன்று பேர் வீண் செலவு என்றார்கள். ஆலங்குளம் அண்ணாச்சி எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகு அந்த மூவரில் ஒருவர் மாறினார். பாளையங்கோட்டைத் தம்பி நேரில் வந்து பேசினால் காரியம் நடக்கும். விலகல் கடிதத்தை வைத்துக்கொண்டு யாரும் இறங்கி வர மாட்டார்கள்.

பேட்டை ரோடு | புதன், இரவு 7.00

வேன் வைத்தால் சரியாகிவிடுமா? கேட்காமல் மாற்றியதற்கு என்ன பதில்?

பாளையங்கோட்டைக்காரன் | வெள்ளி, இரவு 9.15

நேற்று மாலை போய்ப் பேசினேன். இரண்டு மணி நேரம், மூன்று சுற்று காபி. முடிவைச் சொல்கிறேன்.

தனியாக மண்டபம் பிடிக்கும் யோசனையை நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாடகை, மின்சாரம், பந்தல், துண்டறிக்கை, இரண்டு நாள் சாப்பாடு எல்லாம் சேர்ந்து நான் இழக்கப்போகும் முன்பணத்தைப் போல நான்கு மடங்கு வந்தது. அதைவிட, அந்த இரண்டு நாளும் எட்டுப் பேரும் மண்டபத்தில் நின்றால், பில் போட முடியவில்லை என்று தொலைபேசியில் கூப்பிடும் கடைகளுக்கு யார் பதில் சொல்வது? நான் ஆப்பிள் இல்லை என்பது அந்தக் காகிதத்தின் அடியில் எழுதியிருந்தது.

துண்டறிக்கையைத் தேடி எடுத்துக்கொண்டு போனேன். வக்கீல் அண்ணாச்சிக்கு நன்றி. அதில் பழைய மண்டபத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதை மேசையில் வைத்தேன், வழக்கு என்ற வார்த்தையை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு பேச்சின் தொனி மாறியது.

பெரிய அரங்கை விட்டுக்கொடுத்து, 70,000 ரூபாய்க்கு நடுத்தர அரங்கு ஒன்றை எடுத்திருக்கிறேன். முன்பணம் அதில் கழிந்துவிடும். மேற்கொண்டு 10,000 மட்டும் கட்ட வேண்டும். விட்டுப்போன நுழைவாயில் இடத்தை இரண்டாகப் பிரித்து ஓர் அரங்கை வேறொருவருக்கு விற்றுவிட்டார்கள். மற்றொன்றில் தென்காசித் தங்கச்சியின் மேசையைப் போடச் சொல்லிக் கேட்டேன், ஒத்துக்கொண்டார்கள். இரண்டு நாளும் காலை பத்தரை முதல் வண்ணார்பேட்டையிலிருந்து அரைமணிக்கு ஒரு வேன். ஒன்றின் செலவு குழுவினுடையது, மற்றொன்றுக்கு நானும் இன்னும் மூன்று அரங்குக்காரர்களும் பங்கு போடுகிறோம். அதில் ஒருவர் பேட்டை அண்ணாச்சி என்று எழுதிக்கொடுத்துவிட்டேன், கோபப்படாதீர்கள்.

கேட்காமல் மாற்றியதற்கு மன்னிப்பெல்லாம் யாரும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு ரசீதில், இடம் மாறினால் 15 நாளுக்குள் விலகி முன்பணத்தைத் திரும்பப் பெறலாம் என்று முன்பக்கத்திலேயே அச்சிடச் சம்மதித்திருக்கிறார்கள். அதை நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் எழுதி, தலைவர் கையெழுத்தும் போட்டார். நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

பேட்டை ரோடு | வெள்ளி, இரவு 9.50

என்னைக் கேட்காமல் என் பெயரை எழுதிக்கொடுத்துவிட்டு, கேட்காமல் இடத்தை மாற்றியவர்களோடு சண்டை போட்டதாகச் சொல்கிறீர்கள். சரி, என் பங்கு எவ்வளவு?

தென்காசிச் சாரல் | வெள்ளி, இரவு 10.10

நுழைவாயிலில் நானா! அண்ணாச்சி, எனக்கு இன்னும் ஒரு மேசை வேண்டும் போலிருக்கிறதே.

ஆலங்குளம் மளிகை | சனி, காலை 5.50

மண்டபத்திலிருந்து திரும்பி வரும் வேன் எத்தனை மணிக்கு? வண்ணார்பேட்டைக்கு நான் மூன்று மணிக்குள் வந்தாக வேண்டும்.

வண்ணார்பேட்டை | சனி, காலை 6.30

இரண்டு இருபதுக்கு ஒன்று கிளம்பும் அண்ணாச்சி. ஓட்டுநரிடம் சொல்லி வைக்கிறேன்.